புத்தகத்தை ஏவிய செயலி

“அவர் நேற்று தன் புதிய புத்தகத்தை ஏவினார்.”

ஆங்கிலச் சொல்வளம் கற்றுத்தரும் ஒரு கைபேசிச் செயலியில், லாஞ்ச் என்ற சொல்லுக்கான பாடத்தில், எடுத்துக்காட்டு வாக்கியத்துக்குக் கீழே தமிழ் என்று போட்டு இப்படித்தான் இருந்தது. யார் மேல் ஏவினார், எத்தனை பேருக்குக் காயம் என்பதெல்லாம் இல்லை. அதற்கு அடுத்த வாக்கியம் இன்னும் மேலே போனது: “அவள் ஒரு நீண்ட பேச்சுக்குள் ஏவப்பட்டாள்.” அதாவது ஒரு பெண்மணி பேச ஆரம்பித்து நிறுத்தவே இல்லை, அவ்வளவுதான் விஷயம். அதைத்தான் பீரங்கிக்குள் போட்டுச் சுட்டமாதிரி எழுதியிருக்கிறார்கள்.

மூன்று மாதச் சந்தா கட்டி, ஆறு வாரம் தினமும் பயன்படுத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வகைச் செயலிகள் பல ஒரே அச்சில் வார்த்த செங்கல் மாதிரி இருக்கின்றன, நான் சொல்லும் குறைகளை வைத்து உங்கள் கையில் இருப்பதை நீங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். நான் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் கடுகடுப்பாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயலியின் அமைப்பு எளிமையானது. சொற்களைத் தலைப்புவாரியாகக் கட்டுக் கட்டாகத் தருகிறது. நான் எடுத்தது விண்வெளிக் கட்டு: லாஞ்ச், ஆர்பிட், கவுண்ட்டவுன், ரீ-என்ட்ரி, மூன்ஷாட் இப்படி. விண்வெளியில் எனக்குப் பெரிய ஆர்வம் என்று இல்லை, ஆனால் இந்தச் சொற்கள் இப்போது செய்தியிலும் விளம்பரத்திலும் அலுவலக மின்னஞ்சலிலும் ராக்கெட்டே இல்லாமல் பறந்துகொண்டிருக்கின்றன, அவற்றைத் தமிழில் கொண்டுவரும்போது எனக்கே தினமும் தலைவலி. ஒவ்வொரு சொல்லுக்கும் திரையில் இரண்டு பெட்டி. இடப்பக்கம் நேர்ப்பொருள், வலப்பக்கம் உருவகப்பொருள். இடப்பக்கம் ராக்கெட் படம், வலப்பக்கம் கோட்டு போட்ட ஒருவர் கைகுலுக்கும் படம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு பெட்டிதான் செயலியின் அடிப்படைக் கோளாறு என்பது என் கட்சி, ஏன் என்று லாஞ்ச் என்ற ஒரே சொல்லை வைத்தே காட்டிவிடலாம்.

இடப்பெட்டியில், “லாஞ்ச்: ராக்கெட்டை விண்ணில் ஏவுதல், இதிலிருந்தே பொருளை அறிமுகப்படுத்துதல் என்ற உருவகப்பொருள் வந்தது” என்று இருக்கிறது. தப்பு. இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்து ஏறக்குறைய எழுநூறு வருடம் ஆகிறது, அப்போது எங்கே ராக்கெட் தளம்? லத்தீனில் லான்சியா என்றால் ஈட்டி. அதிலிருந்து ஈட்டியை வீசுதல் என்று பழைய பிரெஞ்சு வினை, அதிலிருந்து ஆங்கிலத்து லாஞ்ச். முதலில் பாய்வது, எறிவது என்று இருந்தது, 1400 வாக்கில் படகையும் கப்பலையும் நீரில் இறக்குவதற்கு வந்துவிட்டது. ராக்கெட்காரர்கள் அதைக் கப்பல்காரர்களிடமிருந்துதான் இரவல் வாங்கினார்கள். அதிலும் ஒரு வேடிக்கை, கட்டி முடித்த கப்பல் லாஞ்ச் ஆவது சரிவில் வழுக்கிக் கீழே போய், ராக்கெட் லாஞ்ச் ஆவது மேலே போய். ஆக, நேர்ப்பொருள் என்று இடப்பெட்டியில் உட்கார்ந்திருப்பதே ஒரு காலத்து உருவகம். விண்வெளித் துறையின் சொற்களில் பாதி இப்படித்தான் துறைமுகத்திலிருந்து ஏறிப் போனவை. டாக்கிங் கப்பலைத் துறையில் கொண்டுவந்து நிறுத்துவது, க்ரூ கப்பல் ஆட்கள், ஆஸ்ட்ரோநாட் என்ற பெயரே கிரேக்கத்தில் விண்மீன் மாலுமி. இதை ஒரு வரி சொல்லியிருந்தால் வலப்பெட்டியில் இருக்கும் பத்து எடுத்துக்காட்டையும் மனப்பாடம் செய்யவே வேண்டாம். கையிலிருந்து விட்டால் பிறகு தன் வழியில் போவது, அது ஈட்டியோ கப்பலோ புத்தகமோ விசாரணையோ, லாஞ்ச் ஆகும்.

(படகுக்கு லாஞ்சு என்று சொல்கிறோமே, அது வேறு சொல். மலாய் மொழியில் வேகம் என்ற பொருள் உள்ள சொல்லிலிருந்து போர்த்துகீசியம் வழியாக வந்தது என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். கப்பலை லாஞ்ச் செய்வதும் லாஞ்சில் ஏறுவதும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. செயலி இதை ஒரே குடும்பம் என்று ஒரு வினாவில் கேட்டு, நான் ‘இல்லை’ என்று அழுத்தியதற்கு மதிப்பெண்ணைக் குறைத்தது. சரி, விடுங்கள்.)

இதில் எனக்கு உண்மையாகவே வயிறு எரிந்த விஷயம் தமிழ்ப் பகுதி. ஏவு என்ற சொல்லைச் செயலி பயன்படுத்தியது தப்பில்லை, எங்கே பயன்படுத்துவது என்று தெரியாததுதான் தப்பு. ஏவு நம்மிடம் சும்மா வந்த சொல் அல்ல. நன்னூல் ஓரெழுத்து ஒருமொழி என்று பட்டியல் போடுகிறதே, அதில் ஏ என்றால் அம்பு. அம்பை விடுவது ஏவுதல். ஆளை வேலைக்கு விரட்டுவதும் ஏவுதல், இலக்கணத்தில் ஏவல் வினைமுற்று, பிறகு பில்லி சூனியத்தோடு சேர்ந்து வரும் இன்னொரு ஏவல், கடைசியில் ஏவுகணை. கணை என்றாலும் அம்புதான். ஆங்கிலத்தான் ஈட்டியில் ஆரம்பித்து ராக்கெட்டுக்குப் போன அதே பாதையில் நாமும் அம்பில் ஆரம்பித்துப் போயிருக்கிறோம், ஒருவரை ஒருவர் பார்த்து எழுதாமலே. ஆனால் கிளைகள் ஒரே இடத்தில் பிரியவில்லை. ஆங்கிலத்தில் புத்தகம், கடை, திட்டம் எல்லாம் அந்தக் கிளையில் தொங்குகின்றன. தமிழில் ஏவுவதற்கு எதிரே ஒரு இலக்கு வேண்டும், பெரும்பாலும் கொஞ்சம் வன்மமும் வேண்டும். நாயை ஏவலாம், அடியாளை ஏவலாம், புத்தகத்தை வெளியிடத்தான் வேண்டும்.

தாக்குதலை லாஞ்ச் செய்தால் நாம் தொடுக்கிறோம், அங்கேயும் அம்புதான். வழக்கையும் தொடுக்கிறோம். கேள்விகளைக் கணைகளாக்குகிறோம். செயலியை எழுதியவர் இந்த ஒரு இழையைப் பிடித்திருந்தால் எவ்வளவு அருமையான பாடம் கிடைத்திருக்கும்! மென்பொருளைச் சிலருக்கு மட்டும் முதலில் கொடுத்துப் பார்ப்பதை அவர்கள் ‘மென்மையான ஏவுதல்’ என்று போட்டிருக்கிறார்கள், சாஃப்ட் லாஞ்ச் என்பதற்கு. நம்மிடம் வெள்ளோட்டம் என்று ஒரு முத்தான சொல் இருக்கிறது, தேருக்கும் கப்பலுக்கும் விட்டது, இன்று எதற்கு வேண்டுமானாலும் விடலாம்.

நேர்ப்பொருளையாவது ஒழுங்காக விளக்குகிறதா என்றால் அதுவும் பாதிதான். இடப்பெட்டியில் ஒரு அசைபடம், நெருப்பு வந்தவுடன் ராக்கெட் விருட்டென்று திரையைவிட்டு ஓடிவிடும். உண்மையான ஏவுதல் அப்படி இல்லை. அப்பல்லோ 11ஐத் தூக்கிய சாட்டர்ன் 5 சுமார் 110 மீட்டர் உயரம், எடை 2,900 டன் அளவு. எண்ணிக்கை சுழியத்தைத் தொடுவதற்கு ஒன்பது நொடி முன்பே எஞ்சின் பற்றவைப்பு வரிசை தொடங்கிவிடும், ஐந்து எஞ்சினும் முழு வலுவுக்கு வரும்வரை தளத்தின் கைகள் ராக்கெட்டைப் பிடித்து வைத்திருக்கும், விட்ட பிறகும் கோபுரத்தைத் தாண்டப் பத்து நொடிக்கு மேல் ஆகும். முதல் சில நொடி பார்த்தால் போகிறதா நிற்கிறதா என்றே சந்தேகம் வரும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் லிஃப்ட்-ஆஃப் என்ற சொல்லையும் லாஞ்ச் என்ற சொல்லையும் ஒன்று என்று செயலி போட்டிருக்கிறது, ஒன்றல்ல. லாஞ்ச் யாரோ செய்வது, லிஃப்ட்-ஆஃப் ராக்கெட்டுக்கு நேர்வது. அதனால்தான் ஒரு நிறுவனம் பொருளை லாஞ்ச் செய்துவிட்டது, ஆனால் இன்னும் லிஃப்ட்-ஆஃப் ஆகவில்லை என்று சொல்ல முடிகிறது. விற்பனைக்கு வந்துவிட்டது, சூடு பிடிக்கவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதினால் அந்த வாக்கியம் உளறலாகத் தெரியும்.

லாஞ்ச் விண்டோ என்ற தொடருக்கு ‘ஏவு ஜன்னல்’ என்று போட்டிருந்ததை நான் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன். பூமியும் செவ்வாயும் வசதியான இடத்துக்கு வருவது சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறை, அந்தச் சில வாரங்களை விட்டால் அடுத்த 26 மாதம் காத்திருக்க வேண்டும், அதுதான் அந்த ஜன்னல். வியாபாரத்தில் இதே தொடரைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அடுத்த வாரமே இன்னொரு ஜன்னலைத் திறந்துகொள்கிறார்கள்.

உச்சரிப்புப் பகுதி பற்றி. ஒலிப்பதிவுகள் நன்றாக இருக்கின்றன, இதை மனதாரச் சொல்கிறேன். ஆண் குரல், பெண் குரல், பிரிட்டிஷ், அமெரிக்கன் எல்லாம் தனித்தனியாக. பிரிட்டிஷ்காரர் லோஞ்ச் என்பதுபோலச் சொல்ல, அமெரிக்கர் லாஞ்ச் என்பதுபோல வாயை அகலத் திறக்கிறார், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். ஆனால் நாம் பேசிக் காட்டும் பயிற்சி இருக்கிறதே, அது தனிக் கூத்து. நான் லாஞ்ச் என்றால் அது மதியச் சாப்பாடு என்று கேட்டுக்கொள்கிறது. வாயை இன்னும் திறந்து சொன்னால் விமான நிலையத்தில் உட்காரும் லவுஞ்ச் என்கிறது. “நாளை காலை ஒரு செயற்கைக்கோளை லஞ்ச் செய்கிறார்கள்” என்று என் வாக்கியத்தைத் திரையில் காட்டியது. எட்டாவது முறை பச்சை விளக்கு எரிந்தது, எந்த விதத்தில் வேறாகச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்தது ஆர்பிட். இந்தப் பாடத்தை வைத்து ஒரு மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன், செயலி யோசிக்க வைத்ததால் அல்ல, யோசிக்காமல் விட்டதால். வலப்பெட்டியில் இரண்டு உருவகம். பில்லைப் பார்த்ததும் முதலாளி ஆர்பிட்டுக்குப் போய்விட்டார், அதாவது கடுங்கோபம். அடுத்து, பல இளைஞர்கள் அந்த ஓவியரின் ஆர்பிட்டில் இருந்தார்கள், அதாவது அவர் செல்வாக்குக்கு உட்பட்டு. தமிழில் முதலாவது “முதலாளி சுற்றுப்பாதைக்குள் சென்றார்”. கேட்டால் மனுஷன் காலை நடைக்குப் போன மாதிரி இருக்கிறது. வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார் என்று நம்மிடம் இல்லையா, அந்த உயரம்கூட அதில் இருக்கிறதே.

ஆனால் இந்த இரண்டு உருவகமும் ஒரே சொல்லிலிருந்து எதிரெதிர்த் திசையில் போகின்றன என்பதுதான் சுவாரசியம். சுற்றுப்பாதை என்பது உண்மையில் ரொம்ப அமைதியான சமாச்சாரம். விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது, சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. கீழே விழுந்துகொண்டே இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் போகும் வேகத்தால் பூமியைத் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறது, அதுதான் சுற்றுவது. உள்ளே இருப்பவர்கள் மிதப்பதும் அங்கே ஈர்ப்பு இல்லாததால் அல்ல, அவர்களும் கலத்தோடு சேர்ந்தே விழுவதால். கோபக்கார முதலாளி உருவகம் இதில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ராக்கெட் நெருப்போடு மேலே போனதை மட்டும் எடுத்துக்கொண்டது. ஓவியர் உருவகம்தான் உண்மையான சுற்றுப்பாதை: அந்த இளைஞர்கள் அவரை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறார்கள், போய்ச் சேர்வதும் இல்லை, விட்டுப் போவதும் இல்லை. செயலியில் இரண்டுக்கும் ஒரே படம், அதே கோட்டு போட்டவர், முகம் மட்டும் ஒன்றில் சிவப்பு.

சொல்லின் பழைய கதையையும் விட்டுவிட்டார்கள். லத்தீனில் ஆர்பிட்டா என்றால் வண்டிச் சக்கரத்தின் தடம், மண் சாலையில் பதிந்திருக்குமே அது. ஆங்கிலத்தில் மருத்துவர்களுக்கு இன்றும் ஆர்பிட் என்றால் கண்குழி. ஸ்புட்னிக் 1957 அக்டோபர் 4 அன்று மேலே போய் 96 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் இந்தச் சொல் தெருப் பேச்சுக்கு இறங்கியது. அதற்குமுன் பெரும்பாலும் கோள்களுக்கும் கண்ணுக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

இங்கே எஸ்கேப் வெலாசிட்டியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். “மிக அதிக வேகம்” என்று பொருள் போட்டிருக்கிறார்கள், உருவகமும் அதேதான். இல்லை. பூமியின் பரப்பில் அது நொடிக்கு 11.2 கிலோமீட்டர், அதை அடைந்துவிட்டால் அதற்குமேல் தள்ள வேண்டாம், திரும்பி விழாது என்பதுதான் சாரம். பொருளாதாரக்காரர்கள் நாட்டின் வளர்ச்சி எஸ்கேப் வெலாசிட்டி அடைந்ததா என்று கேட்கும்போது வேகத்தைக் கேட்கவில்லை, முட்டுக்கொடுத்ததை எடுத்தாலும் நிற்குமா என்று கேட்கிறார்கள்.

கவுண்ட்டவுன் பாடம்தான் இந்தக் கட்டிலேயே சிறந்தது, பாராட்டவேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும். அப்பல்லோ 11 புறப்பட்ட 1969 ஜூலை 16 அன்று ஜாக் கிங் சொன்ன நேர்முக வர்ணனையின் உண்மையான ஒலிப்பதிவைச் சேர்த்திருக்கிறார்கள். அவர் குரல் கடைசி எண்களுக்கு வரும்போது லேசாகத் தடுமாறுவதைக் கேட்கலாம். நான் அதை மட்டும் இருபது முறை கேட்டிருப்பேன், சந்தாவில் பாதி அதற்கே தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாக எண்ணும் வழக்கத்தை மக்கள் முன் கொண்டுவந்தது 1929இல் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த நிலவுப் பயணப் படம் என்பதையும் சொல்கிறார்கள். மௌனப் படம், எண்கள் திரையில் எழுத்தாக வரும். ராக்கெட் விண்வெளிக்குப் போவதற்கு முன்னாலேயே கவுண்ட்டவுன் பிறந்துவிட்டது, அதுவும் சினிமாக் கொட்டகையில்.

இவ்வளவு செய்தவர்கள் ஹோல்ட் என்ற ஒன்றை விட்டுவிட்டார்களே என்றுதான் ஆதங்கம். அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் என்ற விண்வெளி ஓடம் பறந்த காலத்தில் அதன் கவுண்ட்டவுன் கடிகாரம் 43 மணி நேரத்தில் ஆரம்பித்தது, ஆனால் புறப்பட மூன்று நாள் அளவு ஆனது, ஏனென்றால் நடுநடுவே கடிகாரத்தை வேண்டுமென்றே நிறுத்திவைத்தார்கள். சோதனை பார்க்க, பிசகைச் சரிசெய்ய, ஆட்கள் மூச்சுவிட. ஒன்பது நிமிடம் மீதி இருக்கும்போதுகூட ஒரு நிறுத்தம் இருந்தது. உண்மையான கவுண்ட்டவுனின் உயிரே நிறுத்தலாம் என்பதில் இருக்கிறது. உருவகத்தில் அது சுத்தமாக உதிர்ந்துவிட்டது. தேர்வுக்குக் கவுண்ட்டவுன், தேர்தலுக்குக் கவுண்ட்டவுன் என்றால் யாராலும் நிறுத்த முடியாதது என்றுதான் அர்த்தம். ஒரு சொல் வீட்டைவிட்டு வெளியே வரும்போது எதை எடுத்துக்கொண்டு வந்தது, எதை வைத்துவிட்டு வந்தது என்று பார்த்தால்தான் அது நினைவில் நிற்கிறது. செயலி தந்த தமிழ், “தேர்வுக்கான கீழ்நோக்கிய எண்ணுதல் தொடங்கிவிட்டது”. நாள் நெருங்கிவிட்டது, நாட்களை எண்ண ஆரம்பித்துவிட்டோம் என்றால் முடிந்தது. “அவன் நாட்கள் எண்ணப்படுகின்றன” என்று இன்னொரு இடத்தில் அவர்களே நன்றாக எழுதியிருக்கிறார்கள், அதை எழுதியவர் வேறு ஆள் போலிருக்கிறது.

ஸ்க்ரப் ஒரு வரிதான். வானிலை சரியில்லாமல் ஏவுதலைக் கைவிட்டால் ஸ்க்ரப் என்பார்கள். செயலியில்: “மழையால் ஏவுதல் தேய்க்கப்பட்டது.” பாத்திரம் தேய்த்தாற்போல.

ரீ-என்ட்ரிக்கு வருவோம். நேர்ப்பெட்டியில், வளிமண்டலத்தில் நுழையும்போது உராய்வினால் கலம் சூடாகிறது என்று இருக்கிறது. பள்ளியில் நமக்கும் அப்படித்தான் சொன்னார்கள், ஆனால் சூட்டின் பெரும்பங்கு உராய்வால் வருவது அல்ல. அவ்வளவு வேகத்தில் வரும் கலத்தின் முன்னால் காற்று ஒதுங்க நேரமில்லாமல் நசுங்குகிறது, நசுங்கிய காற்று கொதிக்கிறது, சூழ்ந்த அந்த மின்னேற்ற வாயுவால் சில நிமிடம் வானொலித் தொடர்பும் அறுந்துவிடும். நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 கலம் நொடிக்கு 11 கிலோமீட்டர் அளவு வேகத்தில், கிடைமட்டத்துக்கு ஆறரை டிகிரி அளவு சாய்வில் காற்றுக்குள் வந்தது. இன்னும் செங்குத்தாக வந்தால் அழுத்தமும் சூடும் தாங்காது, இன்னும் தட்டையாக வந்தால் நீர்ப்பரப்பில் எறிந்த சில்லு மாதிரி எகிறிப் போய்விடும். மேலே போவதைவிட வீட்டுக்குத் திரும்புவது எளிது என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அமெரிக்க ஆங்கிலத்தில் சிறையிலிருந்து விடுதலையாகிச் சமூகத்துக்குத் திரும்புவதற்கு இதுதான் அலுவல் சொல்லே, அதற்கென்று திட்டங்கள், அலுவலர்கள் எல்லாம் உண்டு. நுழைவு என்ற பொதுச் சொல்தான் அது, விண்வெளிக்கு முன்பும் இருந்தது. ஆனால் ராக்கெட் யுகத்துக்குப் பிறகு அதைக் கேட்கும் காதில் அந்தச் சூடும், தொடர்பு அறுந்த நிமிடங்களும் சேர்ந்தே கேட்கின்றன. நீண்ட விடுப்புக்குப் பின் வேலைக்குத் திரும்புவதற்கும் சொல்கிறார்கள். செயலி இந்த இரண்டாவதை மட்டும் எடுத்து, “அவள் அலுவலகத்திற்குள் மறுநுழைவு செய்தாள்” என்கிறது. கதவில் அட்டை தேய்த்து உள்ளே போனது போல. சிறை உதாரணத்தை ஏன் விட்டார்கள் என்று தெரியவில்லை, அதுதான் ஆங்கிலச் செய்தியில் அதிகம் வருவது, கற்றுக்கொள்பவருக்கு அதுதான் முதலில் தேவை.

மூன்ஷாட் பாடத்தில் ஒரு தகவல் பிழை, ஒரு நல்ல வாய்ப்பைக் கோட்டைவிட்டது. எல்லா மூன்ஷாட்டும் 1961 மே 25 அன்று கென்னடி அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசியதிலிருந்து வந்தது என்கிறார்கள். பெரிய, கைக்கெட்டாததாகத் தோன்றும் முயற்சி என்ற பொருளுக்கு அந்தத் திட்டம்தான் காரணம் என்பது சரி. ஆனால் பேஸ்பாலில் மூன் ஷாட் என்றால் வானத்துக்குப் போகும் உயர அடி, அது 1959லேயே புழங்கியது. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியில் வாலி மூன் என்று ஓர் ஆட்டக்காரர், அவர்கள் அப்போது விளையாடிய மைதானத்தில் இடப்பக்க எல்லை ரொம்பக் கிட்டத்தில், அதனால் அங்கே 42 அடி உயரத்துக்கு வலை கட்டியிருந்தார்கள். மனிதர் பந்தைத் தூக்கித் தூக்கி அந்த வலைக்கு மேலே அனுப்பினார். பெயரும் மூன், அதே 1959 செப்டம்பரில்தான் சோவியத்தின் லூனா 2 போய் நிலவில் மோதியது, பத்திரிகைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும். ஒரே தொடருக்கு ஒருபக்கம் நிலா, ஒருபக்கம் ஓர் ஆளின் குடும்பப் பெயர். நேர்ப்பொருள், உருவகம் என்று இரண்டு பெட்டி வைத்தவர் இவரை எந்தப் பெட்டியில் போடுவார்?

தமிழில் அவர்கள் போட்டது “நிலவுச் சுடுதல்”. நான் திரையைப் பார்த்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பகீரதப் பிரயத்தனம் என்று பாட்டிமார்கள்கூடச் சாதாரணமாகச் சொல்வார்கள். வானத்திலிருந்து ஆற்றையே கீழே கொண்டுவந்த கதை அது, திசைதான் வேறு. எல்லா இடத்திலும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன், நிறுவனங்கள் மூன்ஷாட் என்று சொல்வதில் முக்கால்வாசி பகீரதன் கேட்டால் சிரிப்பான். ஆனாலும் சுடுதலுக்கு எவ்வளவோ தேவலாம்.

ஹூஸ்டனில் இருக்கும் தரைக் கட்டுப்பாட்டு மையத்துக்கு, ஒரு பிரச்சினை என்று தெரிவிக்கும் அந்தப் பிரபல வாக்கியத்தையும் ‘விண்வெளியில் பேசப்பட்டது’ என்று மேற்கோள் குறியோடு போட்டிருக்கிறார்கள். 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13இலிருந்து முதலில் ஸ்விகர்ட் என்ற விண்வெளி வீரரும் பிறகு தளபதி லவலும் சொன்னது, பிரச்சினை ஏற்பட்டிருக்கிறது என்ற பொருளில், ஆங்கிலத்தில் பிரசென்ட் பர்ஃபெக்ட் என்ற காலத்தில். இப்போது இருக்கிறது என்ற வடிவத்தைப் பிரபலமாக்கியது 1995இல் வந்த திரைப்படம். ஆங்கிலத்தில் காபி கொட்டிவிட்டால்கூட இதைச் சொல்கிறார்கள், சொல்வது படத்து வாக்கியத்தை. அது பரவாயில்லை, காலம் கற்றுத்தரும் செயலி அந்தக் காலத்தைத் தவறவிடுவதுதான் உறுத்துகிறது.

மற்றபடி பயன்பாடு. படித்த சொல்லைச் சில நாள் விட்டு மறுபடி கேட்கும் முறை நன்றாக வேலை செய்கிறது, மறந்ததை அடிக்கடியும் தெரிந்ததை எப்போதாவதும் கேட்கிறது. இணையம் இல்லாமலும் பாடம் ஓடும். எழுத்தளவை மாற்ற முடியாது, கண்ணாடி போட்டவர்களுக்குச் சிரமம். அறிவிப்புகள்தான் தாங்கமுடியவில்லை. ஒருநாள் திறக்காவிட்டால் “உங்கள் தொடர் சுற்றுப்பாதையிலிருந்து விழுந்துவிட்டது!” என்று இரவு பதினொரு மணிக்கு மணியடிக்கும். அதை அணைக்கும் இடம் அமைப்புகளில் நான்கு அடுக்குக்குக் கீழே இருக்கிறது. சந்தாவை நிறுத்தும் பொத்தான் அதற்கும் கீழே.

யாருக்கு உதவும்? ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே படித்துப் புரிந்துகொள்ள முடிகிறவர்கள், தமிழ் விளக்கத்தை மறைத்துவைத்துவிட்டு (அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, அதற்காக நன்றி), ஒலிப்பதிவுக்கும் மறுபயிற்சிக்கும் தாராளமாக வாங்கலாம். தமிழ் வழியாகத்தான் ஆங்கிலத்துக்குப் போக முடியும் என்று இருப்பவர்கள் வாங்காதீர்கள், இரண்டு மொழியும் சேர்ந்து கெடும். ஐந்துக்கு இரண்டரை. ஜாக் கிங் குரலுக்காக அந்த அரை.

பிழைகளைப் பற்றி ஐந்து தடவை எழுதிப் போட்டேன். நான்கு தடவை “உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்” என்று பதில் வந்தது, ஐந்தாவதுக்கு உண்மையான மனிதர் ஒருவர் எழுதினார், லாஞ்ச் பாடத்தின் வாக்கியத்தைத் திருத்திவிட்டதாகவும் செயலியைப் புதுப்பித்துப் பார்க்கும்படியும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். நேற்று புதுப்பித்தேன். இப்போது இப்படி இருக்கிறது: “அவர் நேற்று தன் புதிய புத்தகத்தை விண்ணில் செலுத்தினார்.”